துரை காருக்கு மூச்சுத் திணறல்

உலக வைத்திய சரித்திரத்தை எழுத முன்வருகிறவர்கள், 1931-ஆம் வருஷம் மலாயாவில், லாயாங் லாயாங் ரயிலடிக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் ரப்பர் தோட்டத்துக் கார்க் கொட்டகையில் நடந்த மகத்தான பரிசோதனையை விட்டுவிட்டால், அது குறைச் சரித்திரமே. நான் அதை நேரில் கண்டவன். பால்மரம் வெட்டுகிறவனுக்கு அந்தப் பாக்கியம் எளிதில் வாய்ப்பதில்லை.

நோயாளி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் கார். வயது பன்னிரண்டு. காலை ஒன்பது மணிக்கு இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. பதினொன்றரைக்குத் துரை குளுவாங் கிளப்பில் டென்னிஸ் ஆட வேண்டும். போகிற வழியில் என் மனைவி வெள்ளையம்மாவைக் குளுவாங் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவதாகவும் பெரிய மனது பண்ணியிருந்தார். அவளுக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல். மூச்சு விட்டால் விசில் போலச் சத்தம் வந்தது. கொட்டகை ஓரத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தேன்.

முதலில் வந்தவர் ஆபீஸ் எழுத்தர்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணி கனகசுந்தரம். யாழ்ப்பாணத்தவர். தும்முவதற்கும் ஆபீசில் உத்தரவுப் புத்தகம் வைத்திருந்தவர். மூடியைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தார். எஞ்சினும் அவரைப் பார்த்தது.

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. முதல்ல விசாரணை, பிறகுதான் வேலை. விளங்குதோ?"

டிரைவர் அர்ச்சுனன் கைகட்டி நின்றான். "விளங்குதுங்க ஐயா."

கோளாறு 'நெஞ்சு சம்பந்தப்பட்டது' என்று கிராணி சந்தேகித்ததால், தோட்டத்துச் சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் மணியம் அழைக்கப்பட்டார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்போடு வந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

"எத்தன நாளா இருமல்?"

"அஞ்சு நாளுங்க" என்றேன்.

"ஒன்னக் கேக்கல லா, அய்யாவு. காரப் பத்திக் கேட்டேன்."

அர்ச்சுனன் கைப்பிடியைச் சுற்ற, டிரசர் எஞ்சினின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடினார். முன்புறம் கேட்டார். பக்கவாட்டில் கேட்டார். இரும்பு குளிர்ந்திருப்பதால் காய்ச்சல் இல்லை என்று தெளிவாக அறிவித்தார்.

"மூனாவது அறையில கபம் கட்டியிருக்கு."

"நாலாவதையும் வடிவாப் பாரும்" என்றபடி கிராணி எழுதிக்கொண்டார்.

பத்தே காலுக்குக் குளுவாங் போகிற ரயில் கூவியது. டிரசருக்குக் கோபம் வந்துவிட்டது. "நெஞ்சு பாக்குற நேரத்துலதான் இதுவும் கத்தணுமா!"

தோட்டத்தை விட்டுப் போவதற்குக் கிராணியின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு எழுதுகிற கை, அப்போது காரின் ரிப்போர்ட்டில் இரண்டாம் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பாயிலிருந்து வெள்ளையம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, காருக்கு அடியில ஒரு திருகு இருக்கு பாருங்க. அது குறுக்கால கெடக்கு. நம்ம லயத்துத் தண்ணிக் குழாய மூடுனா அப்படித்தானே கெடக்கும்?"

தரையில் படுத்திருந்தவள் அவள் ஒருத்திதான். மூன்று உத்தியோகஸ்தர்களும் குனிந்து பார்த்தார்கள். டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்கும் வழியில் இருந்த திருகு அது. இறுக்கி மூடியிருந்தது.

"ஆர் இதை மூடினது?" என்றார் கிராணி.

"நாந்தாங்க ஐயா" என்றான் அர்ச்சுனன். "பெட்ரோல் ஒழுகுது, சாயங்காலம் மூடிப்போடுன்னு நேத்து நீங்கதான் புத்தகத்துல எழுதுனீங்க."

"அப்ப காலமை ஏன் திறக்கேல்லை?"

"தெறக்கச் சொல்லி எழுதலீங்களே."

"ஒன்றரை மணித்தியாலமா மரம் மாதிரி நிக்கிறாய். வாயைத் திறந்து சொன்னா என்ன?"

"கேட்டாத்தானே ஐயா சொல்லணும்?"

நான் சிரித்துவிட்டேன். வெள்ளையம்மாவும் சிரித்தாள், மூச்சு இழுத்துக்கொண்டதால் பாதியில் நிறுத்தினாள்.

கிராணி எழுத்து மூலம் உத்தரவு போட்டார்: 'திறக்கவும்.' அர்ச்சுனன் திறந்தான். கார் உறுமிக்கொண்டு எழுந்தது. வெள்ளை உடுப்பில் துரையும் வந்து சேர்ந்து முன்னால் ஏறினார். நான் வெள்ளையம்மாவைத் தூக்கப் போனேன்.

"பொறு, பொறு" என்றார் டிரசர். "இப்பத்தான் சீக்காளி தேறியிருக்கு. தொணையில்லாம அனுப்பக் கூடாது. வழியில நெஞ்சு நின்னா யாரு பாக்குறது?"

பின் சீட்டில் டிரசர் ஏறினார். பக்கத்தில், துரைக்கு விளக்கம் சொல்லக் கிராணி ரிப்போர்ட்டோடு ஏறினார். அத்துடன் இடம் முடிந்தது.

"சாயங்காலம் வந்து பாக்குறேன், அய்யாவு. சூடாக் கஞ்சி குடு."

சாயங்காலம் கார் பூரண சுகத்தோடு திரும்பியது. டிரசர் சொன்ன சொல் தவறாதவர். நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, ஸ்டெதாஸ்கோப்பை வெள்ளையம்மாவின் நெஞ்சில் வைத்தார். அந்த ஐந்து நாளில் அதுதான் முதல் தடவை. எடுத்தபோது ரவிக்கையில் எஞ்சின் எண்ணெய் கறுப்பு வட்டமாக ஒட்டியிருந்தது. அவருக்கு உள்ளே ஒன்றும் கேட்டிருக்காது. மூன்று மணிக்கே நின்றுபோயிருந்தது.

காரின் ரிப்போர்ட் மூன்று பக்கம் வந்தது. குற்றம் அர்ச்சுனன் பேரில். உத்தரவு இல்லை என்று ஒரு திருகைத் தொடாமல் நின்ற மடையன் என்று தோட்டமே அவனைக் கேலி செய்தது. நானும் அவனைப் பார்த்துச் சிரித்தவன்தான். ரயிலடி இரண்டே மைல். ஐந்து நாள் காய்ச்சலில் வெள்ளையம்மா கனமே இல்லாமல் போயிருந்தாள். தோளில் போட்டு நடந்திருந்தால் பத்தே கால் ரயிலைப் பிடித்திருக்கலாம். சீட்டு இல்லை என்று நானும் கைகட்டித்தான் நின்றேன்.