நிரம்பிய சர்வரும் செய்தி வாசிப்பவரின் மூன்று பற்களும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் நலம். முழங்காலும் இப்போது அடங்கிவிட்டது. அதற்கு நீங்களும் குருவியும் என் பிறந்தநாளுக்கு அனுப்பிய கால் பிடித்துவிடும் இயந்திரம்தான் காரணம். அதை வீட்டில் வைக்காமல் லேபிலேயே மேசைக்கடியில் வைத்துவிட்டேன். இரண்டு காலையும் அதற்குள் விட்டுக்கொண்டு பல் செய்கிற சுகம் எந்த மகாராஜாவுக்குக் கிடைத்திருக்கும்? குருவியிடம் அப்பா நன்றி சொன்னார் என்று சொல்லவும். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல், கண்ணைப் பார்த்துக்கொள்ளவும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார்கள் என்று உங்கள் மாமியார் பக்கத்தில் நின்று கேட்கிறாள். காரணம் இருக்கிறது. போனில் பேசினால் நான் மூன்றாவது வாக்கியத்துக்குப் போவதற்குள் "புரிஞ்சுது மாமா, நான் பாத்துக்கறேன்" என்று நீங்கள் சொல்லிவிடுகிறீர்கள். இந்த விஷயத்தை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் பார்த்துக்கொண்டாகிவிட்டது. அதை நீங்கள் முதலிலிருந்து கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், அதற்குக் காகிதம்தான் சரி.

போன முறை வந்திருந்தபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்ன சொன்னீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. "மாமா, சர்வரை மட்டும் நீங்க தொடாதீங்க. உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி? பேசாம வெளியாள் ஒருத்தரை வச்சுடலாம்" என்றீர்கள். குருவியும் தலையாட்டினாள். நான் சிரித்தேன். அது சிரிப்பு இல்லை மாப்பிள்ளை. எத்தனையோ பேருக்கு வாய் நிறையப் பல் கட்டி அனுப்பியவனைப் பார்த்து, உன் சொந்த லேபில் உள்ள ஒரு பெட்டியைத் தொடாதே என்று சொன்னால், அன்று ராத்திரி அவனுக்குத் தூக்கம் வருமா? இனி படியுங்கள்.

வியாழக்கிழமை காலையில் கடை திறந்த சூட்டோடு சூடாக, முன்பக்கம் கிளினிக் நடத்துகிற டாக்டரம்மா என் லேபுக்குள் ஓடி வந்தார். பின்னாலேயே ஒரு மனிதர், வாயில் கைக்குட்டையை வைத்துப் பொத்திக்கொண்டு. யாரென்று பார்த்தால் நம் வானொலியில் மாலைச் செய்தி வாசிக்கிறவர். ஊரே அந்தக் குரலைக் கேட்டுத்தான் கடியாரத்தைச் சரி பண்ணுகிறது. அவர் எண்ணெய் பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கப் பார்த்து, மூடி அப்படியே இருக்க, முன்பல் மூன்றும் கையோடு வந்துவிட்டதாம். அவரை நான் "எப்ப வாசிக்கணும்?" என்று கேட்டேன். பாவம், வாயைத் திறந்து "இன்னிக்கு" என்று சொல்வதற்குள் காற்றுதான் வந்தது, சொல் வரவில்லை. கைக்குட்டையை மறுபடி வைத்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். இன்று ஒரு நாள் விட்டால் அந்த நாற்காலியில் உட்காரக் காத்திருக்கிற ஒருவர் இருக்கிறார், அவர் ஏறினால் இறங்கமாட்டார் என்று டாக்டரம்மாதான் விளக்கினார். "அண்ணே, தற்காலிகமா ஒரு பல்வரிசை இன்னிக்கே முடியுமா?" என்றார். நம்மிடம் போய் இப்படிக் கேட்கலாமா? "வாயை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றேன், நீங்கள் சொல்கிற அதே தோரணையில்.

டாக்டரம்மா ஸ்கேன் பண்ணினார். அந்த வாய் அங்கிருந்து வயர் வழியாக நம் சர்வருக்கு வந்து, அங்கிருந்து பல் கடைகிற மிஷினுக்குப் போக வேண்டும், அதுதானே நீங்கள் செய்து வைத்த ஏற்பாடு? வரவில்லை. திரையில் சிவப்பாக ஒரு வரி: இடம் இல்லை. மறுபடி அனுப்பினார். இடம் இல்லை. மூன்றாவது தடவை செய்தி வாசிப்பவர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தார். உங்களுக்குப் போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தீர்கள். குருவிக்குப் போட்டேன், "அவர் விமானத்துல இருக்காருப்பா, நீங்க எதையும் தொடாதீங்க" என்றாள். என்ன குடும்ப மந்திரமோ இது.

நான் தொட்டேன்.

முதலில் டாக்டரம்மா சொன்னபடி பெட்டியை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். எழுந்து வந்து, அதே பல்லவி. சரி, உள்ளே இறங்கிப் பார்த்துவிடுவது என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். கடவுச்சொல் கேட்டது. மாப்பிள்ளை, நான் கை வேலைக்காரன். மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள், நான் விரலைப் பார்ப்பேன். நீங்கள் ஒவ்வொரு தடவையும் தட்டும்போது பின்னால் டீ டம்ளரோடு நின்றது டீ கொடுக்க மட்டும் இல்லை. உங்கள் விரல் போன வழியே என் விரலையும் விட்டேன். திறந்தது. திறந்த பிறகுதான் என்ன தட்டினோம் என்றே புரிந்தது. குருவி. நான் அவளுக்கு வைத்த செல்லப்பெயர். கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எப்படிப்பட்டவரோ என்று நாலு இடத்தில் விசாரித்தேன், அதெல்லாம் வெட்டி அலைச்சல் என்று அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். டாக்டரம்மா, "என்ன அண்ணே, அவ்வளவு மோசமா இருக்கா?" என்று பயந்துவிட்டார்.

அடுத்து நீங்கள் எப்போதும் முதலில் தட்டுகிற டிஎஃப். எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று சொல்கிற கட்டளை, சரியா? நூறு சதவீதம் என்றது. பரீட்சையில் வந்தால் சந்தோஷப்படலாம். பிறகு டியூ. எந்த அறையில் எவ்வளவு சாமான் கிடக்கிறது என்று ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டும். முதலில் கண்ணில் பட்டது பழைய வாய்கள் இருக்கிற அறை. நான் இத்தனை வருஷம் பல் கட்டியவர்களின் ஸ்கேன் அத்தனையும். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், ஒரு கணம் அதை வழித்துத் துடைத்துவிடலாம் என்று தோன்றியது. அதற்கெல்லாம் நகல்தான் மேசைக்கடியில் கறுப்புப் பெட்டியில் இருக்கிறதே, நீங்களே அல்லவா அந்தக் காப்பு ஏற்பாட்டையும் செய்து கொடுத்தீர்கள் என்ற தைரியம். கட்டளையை அடித்தும்விட்டேன், எண்டர் மட்டும்தான் பாக்கி. உங்கள் மாமியார் அப்போது சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தவள், "ஏங்க, அதுல என் பல்லும் இருக்குல்ல?" என்றாள். இருக்கிறது. அவளுடைய கடைவாய்ப் பல், நான் செய்ததிலேயே அழகான பல் அது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் அத்தனை நுணுக்கமாகச் செய்தேன். விரலை எடுத்துவிட்டேன்.

இன்னும் கீழே இறங்கினேன். அங்கே லாக் என்று ஒரு அறை. அதற்குள் ஒரே ஒரு கோப்பு, பாதி சர்வரைத் தின்றுவிட்டு மலைப்பாம்பு மாதிரி படுத்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கலாம்தான். ஆனால் லாக் என்றால் என்ன, மிஷின்கள் தினமும் எழுதிவைக்கிற புலம்பல்தானே? திரையின் மூலையில் தினமும் காலையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்து என்னவோ சொல்லும், அதை மூடுவதற்கே எனக்கு ஒரு கை தனியாக வேண்டியிருக்கிறது. புலம்பலை வாசிக்கவா நான் கடை வைத்திருக்கிறேன்? ஒரே கட்டளை. ஆள் காலி.

டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு டிஎஃப் அடித்துக் காட்டினேன். நூறு சதவீதம்.

மாப்பிள்ளை, என் மானம் போன இடம் அதுதான். கோப்பு இல்லை, கண்ணால் பார்க்கிறேன், இல்லவே இல்லை, இடம் மட்டும் திரும்பி வரவில்லை. டாக்டரம்மா நைசாகக் கடியாரத்தைப் பார்த்தார். "வேற லேப்ல கேட்டுப் பாக்கட்டுமா அண்ணே?" என்று மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எனக்கு ஈட்டியைச் செருகினது போல் இருந்தது. செய்தி வாசிப்பவர் முன்பக்கம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, இன்றைய செய்தியைக் கைக்குட்டைக்குள் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைப்புச் செய்தி முழுக்க உஸ் உஸ் என்று கேட்டது. நான் அவரையே பார்த்தேன். அவர் டாக்டரம்மாவின் சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முறை முடிந்துவிட்டது, வரிசைப் பட்டியலில் பெயரையும் அடித்தாகிவிட்டது, ஆனாலும் மனுஷர் எழுந்திருக்கவில்லை. அதனால் வெளியே காத்திருக்கிற ஒரு அம்மாவால் உள்ளே வர முடியவில்லை. பளிச்சென்று உறைத்தது. நானும் அடித்தது கோப்பின் பெயரை மட்டும்தான். அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த ஏதோ ஒரு நிரல் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அது எழுந்தால்தான் இடம். எந்த நிரல் என்று தேட நேரமில்லை, மொத்தமாக எல்லாரையும் எழுப்பிவிட்டேன், அதாவது சர்வரை மறுபடி அணைத்துப் போட்டேன். டிஎஃப். பாதிக்கு மேல் காலி.

இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதை இங்கே அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

பிறகு நடந்ததெல்லாம் என் தொழில். ஸ்கேன் வந்தது, மிஷின் கடைந்தது, நான் கையால் மெருகேற்றினேன், டாக்டரம்மா பொருத்தினார். மூன்று பல்லும் பக்கத்துப் பல்லோடு ஒட்டிப்பிறந்தது போல உட்கார்ந்தன. அவர் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "வணக்கம், செய்திகள் வாசிப்பது" என்று ஆரம்பித்தவர், பெயரைச் சொல்லாமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மாலையில் கிளினிக்கில் காத்திருந்தவர்கள், நான், உங்கள் மாமியார் எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு சொல்லில்கூடக் காற்று இல்லை. வானிலை அறிக்கையில் ஒரு புயல் வந்தது, அதைக்கூட அவ்வளவு சுத்தமாகச் சொன்னார். எனக்கு உள்ளே அப்படியே பொங்கியது மாப்பிள்ளை. ஊர் முழுக்கக் கேட்கிற குரல் என் பல் வழியாக, என் சர்வர் வழியாகப் போகிறது.

ஆகவே விஷயம் இதுதான். வெளியாள் வேண்டாம். சர்வர் சாவி இனி என்னிடம் இருக்கட்டும். மாதாமாதம் நீங்கள் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து என் பெட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் ஆபீசில் இந்த மாதிரி நிரம்பிப்போய்த் தவித்தால் கூச்சப்படாமல் என்னைக் கேட்கவும். குருவிக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசிகள், பல்லும் சொல்லும் கெட்டியாக நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்
(பல் நிபுணர், இப்போது சர்வர் நிபுணரும்)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவதற்கு முன்னால், சும்மா ஒரு பெருமைக்காக டிஎஃப் அடித்துப் பார்த்தேன். ஏறியிருக்கிறது. லாக் அறையில் அதே பெயரில் ஒரு குட்டி மலைப்பாம்பு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்கிறது. வேறு வழியில்லாமல் இந்தத் தடவை திறந்து வாசித்தேன். உள்ளே இருந்தது எனக்காக நீங்கள் எழுதிவைத்திருந்த ஒரே ஒரு வரி. அதே வரி மேலே, அதே வரி கீழே, உருட்ட உருட்ட அதே வரி: "மாமா, கறுப்புப் பெட்டியோட வயர் கழண்டிருக்கு, காப்பு நகல் எதுவும் எடுக்க முடியல, கொஞ்சம் மாட்டிவிடுங்க." நான் தினமும் காலையில் மூடுகிற அந்தச் சின்னப் பெட்டியிலும் இதுதான் எழுதியிருந்தது.

மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். கறுப்புப் பெட்டியின் வயர் தரையில் கிடக்கிறது. அது இருக்க வேண்டிய பிளக்கில் கால் பிடித்துவிடும் இயந்திரம் இருக்கிறது. இந்த மாற்றத்தைச் செய்தது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். என் பிறந்தநாளுக்குப் பிறகு வந்த எந்த வாய்க்குமே நகல் இல்லை என்று தெரிந்ததும், எண்டர் மேல் நின்ற என் விரலை நினைத்துக்கொண்டு முதல் வேலையாக அந்த இயந்திரத்தைப் பிடுங்கினேன். உங்கள் மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ள லட்சம் தடவை மாமா மாமான்னு கூப்பிட்டிருக்கு. ஒரு தடவையாவது என்னன்னு கேட்டீங்களா?" என்றாள்.

வயரை மாட்டிவிட்டேன். மேலே எழுதியதைக் கிழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நன்றாக எழுதியிருக்கிறேன், மனசு வரவில்லை. அந்த லாக்கை அழிக்கவும் மனசு வரவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும், குருவியையும் கூட்டிக்கொண்டு வரவும், குறுக்கே பேசாமல் நான் கேட்கிறேன். வரும்போது மறக்காமல் கூடுதலாக ஒரு பிளக் வைத்த வயர் வாங்கி வரவும், முழங்கால் மறுபடி வலிக்கிறது.