கன்னத்தை மேல்நோக்கித் தள்ளுபவர்

கண்ணாடி பார்க்கிறவர்கள் எல்லோரும் இந்த இனத்தில் சேர்த்தி இல்லை. கண்ணாடி பார்க்கிறவன் பார்த்துவிட்டுப் போய்விடுவான். நான் சொல்லும் ஆள் பார்த்த முகத்தைச் சும்மா விடமாட்டார். குளியலறைக்குள் போய், தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்து, சோப்பு டப்பாவின் மேல் செல்போனைச் சாய்த்து வைத்து, அதில் ஓடும் வீடியோவில் பேசுகிற அம்மணி சொன்னபடியே தாடையில் தொடங்கிக் காதுவரை கன்னத்தைத் தள்ளுவார். நெற்றியை நடுவிலிருந்து இருபுறமும் பிரிப்பார். கண்ணுக்கடியில் மோதிர விரலால் மட்டும், தூங்குகிற பூனையைத் தொடுவதுபோலத் தடவுவார். கடைசியில் வாயை மூடிக் கன்னத்தை உப்பி முப்பது எண்ணுவார். யாராவது கதவைத் தட்டினால் குழாயைத் திறந்துவிடுவார். அழகுக்காகவா? கேட்டுப் பாருங்கள். “ச்சே, ரத்த ஓட்டத்துக்குங்க” என்பார். ரத்தம் அவருக்கு முகத்தில் மட்டும்தான் ஓடுகிறது போலும்.

நீலகிரி மலையில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கிளார்க்காக இருக்கும் பொன்ராஜ் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி. வயது முப்பத்து மூன்று. இதுவரை ஏழு வீட்டார் போட்டோவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ஆளைப் பார்த்ததும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசிக்கிறார்கள். எட்டாவது வெலிங்டன் சுசீலா. அவள் போட்டோ வந்த நாளிலிருந்து பத்து நிமிடத் தேய்ப்பு இருபது நிமிடமாயிற்று. இதுவும் போனால் இனிமேல் பெண் பார்க்கத் தன்னைக் கூப்பிடக் கூடாது என்று அம்மா வீரம்மா சொல்லிவிட்டார்.

பெண் பார்க்கப் போகிற தை மாதக் காலையில், கொட்டிய பனியில் தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் மெழுகாக உறைந்து கிடந்தது. பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான். மலைக்காரர் என்ன செய்வார்? அலமாரியில் நீலகிரித் தைலம் இருந்தது. தலைவலிக்கு அது, சளிக்கு அது, முட்டிவலிக்கு அது, தரை துடைக்கிற வாளியில்கூட அதில் நாலு சொட்டு. இத்தனைக்கும் ஆகிற எண்ணெய் ஒரு கன்னத்துக்கு ஆகாதா? உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தார். கன்னத்தை உப்பி எண்ண ஆரம்பித்தவர் பதினொன்றில் குழாயடிக்குப் பாய்ந்தார்.

வெலிங்டனில் இறங்கும்போது, பஸ் ஜன்னல் காற்றும் சேர்ந்துகொள்ள, வேறொருவர் தலையைக் கடன் வாங்கி வைத்ததுபோல் கழுத்துக்கு மேலே செக்கச் சிவந்திருந்தார். கண்ணில் நீர் நிற்கவில்லை. ஆளுக்கு முன்னால் வாடை வீட்டுக்குள் போய்விட்டது. இந்த மலையில் அந்த வாடை அடித்தால் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்றுதான் அர்த்தம்.

சுசீலாவின் அப்பா முனியசாமி, பட்டாளத்து ஆபீசில் சிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

“ஏனுங்க, தம்பிக்கு மேலுக்குச் சொகமில்லீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க,” என்று வீரம்மா முந்திக்கொண்டார். “சின்னதுல இருந்தே அப்பிடித்தானுங்க.”

“எளப்பு, மூச்சுத் தெணறல் எதாச்சும் இருந்தா மறைக்காமச் சொல்லிப்போடுங்க. பொண்ணு வாழப்போற எடம்.”

முகத்தைத் தேய்த்தேன் என்று பொன்ராஜ் சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. சொல்வாரா? நோயாளி என்று பெயர் வாங்கலாம், பிடித்த பெண்ணை விடலாம், எட்டாவது வீட்டிலும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பலாம். அதற்காக, ஆம்பிளை முகம் தேய்த்தான் என்று நாலு பேர் நடுவில் ஒப்புக்கொள்வதா?

“கொஞ்சம் எளப்பு உண்டுங்க,” என்றார்.

வீரம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்பச் சரிங்க. நாங்க யோசிச்சுச் சொல்லியனுப்பறோம்,” என்று முனியசாமி எழுந்தார்.

டீத் தட்டோடு வந்த சுசீலா அதற்குள் மாப்பிள்ளையின் கன்னத்தைப் பார்த்துவிட்டாள். தாடையிலிருந்து காதுக்கு நாலு அடர்சிவப்புக் கோடு, ஏர் ஓட்டியதுபோல ஒரே சீராக.

“எளப்பு இல்லீங்கப்பா,” என்று தட்டை வைத்தாள். பிறகு பொன்ராஜிடம் திரும்பினாள். “கழுத்தையும் சேத்துத் தேக்கோணுங்க. மூஞ்சி மட்டும் செவந்தா தனியாத் தெரியுதில்லீங்களா?”

“நீங்களுமுங்களா?”

“மூணு வருசமாங்க. ஆனாத் தைலத்துல தேச்ச ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

இனி மறைத்துப் பயனில்லை. பொன்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முனியசாமியைப் பார்த்தார். “எளப்புன்னது பொய்யிங்க. மூஞ்சியத் தேச்சேன். தெனமும் தேப்பனுங்க.”

முனியசாமி, மகள் உள்ளே போகும்வரை நின்றார். அப்புறம் ஜன்னலோரத்து நாற்காலியைப் பொன்ராஜுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் தாடைக்கடியில் தொங்கும் சதையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

“இதுக்கு ஆகுங்களா, மாப்பளே?”

வாசகரே, நீங்கள் இந்த இனமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும், கண்ணோரம் கோடு விழுந்துவிடுமே என்று இப்போது சிரிப்பை உதட்டோடு நிறுத்திக்கொண்டீர்கள் பாருங்கள், அதை மட்டும் வெளியில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.