சாமி அலமாரியில் கூவிய கருவி

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தங்கையின் பணிவான வணக்கம். ஆண்டவன் அருளால் நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். நீங்களும் உங்கள் இதயமும் சேர்ந்தே சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கேற்றும் இரண்டு வேளையும் தவறாமல் சொல்லி வருகிறேன். கோபத்தில் பாதியில் கிழித்துப் போடாமல் கடைசி வரி வரை படிக்கவும்.

"இந்த ஆளு அந்த வண்டியை ஓட்டுற வரைக்கும் உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று செவ்வாய்க்கிழமை பகலில் சொல்லிவிட்டுப் போனீர்கள். போகும்போது ஒரு காலில் உங்கள் செருப்பு, இன்னொரு காலில் அவருடையது. அது இருக்கட்டும். நடந்ததையெல்லாம் மணி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், அப்படியே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு இதயத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தீர்கள், டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் என்று மூன்று சொம்பு குடித்தீர்கள், இரண்டு முறை குளியலறைக்குப் போனீர்கள் (இது பின்னால் முக்கியம்), பிறகு வழக்கம்போல அவரோடு சண்டையை ஆரம்பித்து, கையை நீட்டிப் பேசிக்கொண்டே சாமி அலமாரிப் பக்கம் சாய்ந்தீர்கள். அங்கேதான் அந்தக் கருவி இருந்தது. துறைமுகத்திலிருந்து அணு உலைக்கு வண்டியில் எரிபொருள் கொண்டுபோகும்போது அவர் சட்டைப்பையில் மாட்டிக்கொள்வது, கதிர்வீச்சு அளவு மீறினால் கத்துவது. சாயங்காலம் ஆபீசிலேயே வைத்துவிட்டு வர வேண்டியதை நான்தான் பிடிவாதம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி சாமி காலடியில் வைக்கிறேன். அது கூவியதே ஒரு கூவு!

"பாத்தியா! ஒட்டிக்கிட்டு வந்த விஷம் வீடு வரைக்கும் வந்துடுச்சு!" என்றீர்கள் நீங்கள்.

"பதினோரு வருஷமா வண்டியில என்கூட வருது மச்சான், ஒரு தடவை கத்தினதில்ல."

"இப்ப கத்துதே!"

"நீங்க கத்துறதப் பாத்துக் கத்துதோ என்னவோ."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்கக் கூடாது, நானும் கண்டித்துவிட்டேன். ஆனால் அண்ணா, நீங்கள் தெருமுனை திரும்பியதும் அது கப்சிப். அவர் சட்டை, பூட்ஸ், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றுக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மூச்சு விடவில்லை. குளியலறைக்குள் கொண்டுபோனேன், ஐயோ, மறுபடி அலறல்! நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட, அவர் ஆபீசுக்குப் போன் பண்ண, அரை மணியில் பாதுகாப்பு அதிகாரி வந்து இறங்கினாள். சின்னப் பெண், வெள்ளை அங்கி, கையில் பெரிய மீட்டர். எதிர்வீட்டு மாடியில் நிற்க இடமில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை அளந்து "நீங்க சுத்தம்மா" என்றாள். (இவ்வளவு வருஷத்தில் இந்த வீட்டில் ஒருவர் அதைச் சொன்னாரா?) குளியலறையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாராவது ஊசி போட்டு ஸ்கேன் எடுத்துட்டு வந்தாங்களா?" என்று கேட்டாள்.

"எங்க அண்ணா."

"அவர் என்ன பண்றாரு?"

"எரிபொருள் வண்டி எதிர்ப்புக் குழுத் தலைவர்."

பாவம், வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து சிரித்தாள். அந்த ஊசி மருந்திலேயே கதிர்வீச்சு உண்டாம், அதுவும் ஓர் அணு உலையில் பிறந்ததாம், சிறுநீரோடு வெளியேறி ஓரிரு நாளில் தானே அடங்கிவிடுமாம், பயமில்லையாம். ஆக, கருவி காட்டிக்கொடுத்தது உங்களை. பிறகு அவள் என் பக்கம் திரும்பி, "இதை ஏம்மா அலமாரியில வைக்கிறீங்க?" என்று அதட்டினாள். "அவரைக் காக்குறது அது. அதைக் காக்க ஒருத்தர் வேணாமா?" என்றேன்.

நீங்கள் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் எழுதவில்லை. ஞாயிறுதோறும் நீங்கள் இருவரும் போடும் சண்டையில் காய் நறுக்கிக்கொண்டே படித்தவள் நான். "புது எரிபொருளைக் கையுறை போட்டே தூக்கலாம் மச்சான்" என்பார் அவர். "எரிஞ்சு முடிஞ்சதை? உன் மடியில வச்சுக்குவியா?" என்பீர்கள் நீங்கள். அதற்கு அவரிடம் பாதி பதில்தான் இருக்கிறது. உலைக்குப் போகும் வழியில் உள்ள அந்தப் பழைய பாலம் வண்டியைத் தாங்குமா என்று கேட்டாலோ உடனே அவருக்குத் தாகம் எடுத்துவிடும், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். பதினான்கு தடவை, நோட்டில் இருக்கிறது.

இந்த ஞாயிறு உங்கள் நாற்காலி காலி. மனுஷன் சண்டைக்கு ஆளில்லாம குளிர்பதனப் பெட்டிக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டினாரு, அண்ணா. "நீ என்ன சொல்ற?"ன்னு எங்கிட்ட கேட்டாரு. "நீங்க சொல்றது சரிதாங்க"ன்னேன். "ஒத்துக்கிட்டா அப்புறம் என்னத்தப் பேசுறது"ன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டாரு. அதனால வர்ற ஞாயித்துக்கிழமை நீங்க வந்தே ஆகணும். எரிபொருள் பேச்சையே இனி எடுக்க மாட்டேன்னு விளக்கு முன்னாடி அவர்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன். நீங்களும் எடுக்கக் கூடாது.

உங்கள் இதயம் நூறு வயது வரை துடிக்கட்டும், கருவி எதுவும் கத்தாமல்.

இப்படிக்கு,
உங்கள் வாசப்படித் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அவர் வந்து, பாலத்தைப் பற்றி ஆபீசில் கேட்டதில் அங்கேயும் எல்லோருக்கும் தாகம் எடுத்துவிட்டதாகச் சொன்னார். வாங்கிய சத்தியத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, சாமியிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. செவ்வாய்க்கிழமை கோபத்தில் நீங்கள் இங்கேயே விட்டுவிட்டுப் போன உங்கள் குழுவின் எதிர்ப்பு மனுவையும் இதோடு வைத்திருக்கிறேன். பாலம் பற்றிய பக்கத்தில் மட்டும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே இருப்பது யாருடையது என்று பாருங்கள். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம், சனிக்கிழமையே சண்டைக்கு வரவும். செருப்பை மறக்க வேண்டாம்.