காகிதத்தில் தூங்கியவர்கள்

'விதிப்படி சரி' என்றொரு மனித இனம் நம்மிடையே உலவுகிறது. வெயிலில் காண்பது அரிது. ஏசி அறையில் இரண்டு கம்ப்யூட்டர் திரைகளுக்கு எதிரே, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நேரில் பார்க்க வேண்டுமா? கூடுவாஞ்சேரிக்கு வாருங்கள், கோதண்டராமனைக் காட்டுகிறேன்.

கோதண்டராமன் ஒரு விமானக் கம்பெனியில், எந்த விமானி என்றைக்கு எந்த விமானத்தை ஓட்டுவது என்று பட்டியல் போடும் பிரிவுக்கு மேலாளர். ஓய்வு நேரச் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பன்னிரண்டு மணி நேரம் என்றால் பன்னிரண்டு மணி நேரம். ஒரு நிமிடம் குறைக்க மாட்டார். அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் விமானி தூங்கினாரா, மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாரா, கரண்ட் இல்லாமல் விசிறிக்கொண்டு கிடந்தாரா என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழுந்ததே இல்லை. திரையில் கட்டம் பச்சையாக இருந்தால் விமானி தூங்கிவிட்டார். சிவப்பாக இருந்தால் தூங்கவில்லை. இதில் விமானியைக் கேட்க என்ன இருக்கிறது?

களைப்பாக இருக்கிறது, ஓட்ட மாட்டேன் என்று சொல்ல விமானிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கோதண்டராமன் பெரிதும் மதிக்கிறார். அதற்கென்றே நாலு பக்கத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறார். களைப்பு எத்தனை மணிக்குத் தொடங்கியது, முன்கூட்டியே தெரிவிக்காதது ஏன் என்றெல்லாம் குடையும் அந்தப் படிவத்தை நன்றாகத் தூங்கி எழுந்தவரால்தான் நிரப்ப முடியும். அப்படியும் யாராவது நிரப்பி அனுப்பினால், 'சொந்தக் காரணம்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார். வருடத்தில் மூன்று டிக் விழுந்தால் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போகும். இதனால் அந்தக் கம்பெனியில் களைத்த விமானி ஒருவர்கூடக் கிடையாது. மேலதிகாரிகளுக்குப் பரம சந்தோஷம்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் குடும்பத்தோடு மாமல்லபுரத்துக்கு வேனில் கிளம்பினார். செங்கல்பட்டு தாண்டித் திருக்கழுக்குன்றம் நெருங்கும்போது டிரைவர் ஏசுபாதம் ஒரு கொட்டாவி விட்டார். கோதண்டராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது கொட்டாவிக்கு வண்டியை ஓரம்கட்டச் சொல்லிவிட்டார். விசாரித்ததில், ஏசுபாதம் ராத்திரி முழுக்கச் சிறுசேரி கம்பெனி ஆட்களை வீடு வீடாக இறக்கிவிட்டு, காலை எட்டு மணிக்குத்தான் சாவியை வைத்தார் என்பது தெரிந்தது.

"உள்ள குடும்பம் உக்காந்துகினு கீது. ஒரு மணி நேரம் தூங்கிட்டு அப்புறம் எடு" என்றார் கோதண்டராமன்.

எவ்வளவு பொறுப்பான மனிதர் பாருங்கள்! ஏசுபாதம் முன் சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூட, மற்றவர்கள் மரத்தடியில் இளநீர் குடித்தார்கள். அப்போதுதான் போன் வந்தது. பேசியது துணை விமானி பூங்கொடி. கருங்குழிக்காரப் பெண், அடுத்த மாதம் கேப்டன் தேர்வுக்குக் காத்திருப்பவள். விடியற்காலை நாலரைக்குப் பணி முடித்தவளுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி பணி.

"மேல் வீட்ல பகல் பூரா டைல்ஸ் வெட்டிகினு இருந்தாங்க சார். ரெண்டு மணி நேரம்கூடத் தூங்கல. கண்ணு எரியுது. நான் ஓட்ட மாட்டேன்."

கோதண்டராமன் கோபப்படவில்லை. இந்த இனம் கோபப்படாது. பதிமூன்றரை மணி நேர ஓய்வு கொடுத்திருப்பதையும், அது சட்டம் கேட்பதைவிட ஒன்றரை மணி நேரம் கூடுதல் என்பதையும் வாத்சல்யத்தோடு எடுத்துச் சொன்னார். டைல்ஸ் பற்றிச் சட்டத்தில் எதுவும் இல்லை என்றார். ஏற்கெனவே அவளுக்கு இரண்டு டிக் இருப்பதையும், இது மூன்றாவது என்பதையும் தகப்பன் ஸ்தானத்தில் நினைவூட்டினார்.

"நூத்தி எண்பது பேரு ஏறுவாங்க சார். நீங்க எதுல வேணா டிக் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பூங்கொடி போனை வைத்தாள்.

வேன் கதவு திறந்தே இருந்ததால் கோதண்டராமன் பேசியது முழுக்க உள்ளே கேட்டிருந்தது. ஏசுபாதம் எழுந்து சீட்டை நிமிர்த்தி, சாவியைத் திருகினார்.

"ஏறுங்க சார். காலைல எட்டு மணிலேர்ந்து மத்தியானம் ரெண்டு மணி வரிக்கும் எனக்கு ரெஸ்ட்டுதான். பேப்பர்ல பாத்தா ஆறு மணி நேரம் தூங்கிகீறேன்."

ஒருவரும் ஏறவில்லை. கோதண்டராமன் தன் மனைவி ஜோதிலட்சுமியைப் பார்த்தார். அந்த அம்மா இளநீரைப் பார்த்தார். கோதண்டராமன் இன்னும் அரை மணி நேரம் தூங்கும்படி ஏசுபாதத்திடம் கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு, போனைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, 'சொந்தக் காரணம்' கட்டத்தில் டிக் அடித்தார். மனம் மாறியிருப்பார் என்று எதிர்பார்த்தீர்களாக்கும்!

பூங்கொடியின் கேப்டன் தேர்வு அடுத்த வருடத்துக்குப் போயிற்று. நன்றாகத் தூங்கிய வேறொரு விமானியைத் தேடிப் பிடித்த பிறகு, விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பிப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் கவுண்டரில் நின்ற பெண்ணைப் பயணிகள் படுத்திய பாட்டைச் சொல்லி முடியாது. நீலச் சட்டைக்காரர் ஒருவர், விமானிக்குத் தூக்கம் வந்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து ஓட்டச் சொல்ல வேண்டியதுதானே என்று மேஜையைத் தட்டினார். விமான நிலையத்துக்கு வரும் வழியெல்லாம், டாக்சி டிரைவர் கண் அசந்துவிடக் கூடாதே என்று தொண்டை வறளப் பேச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தவரும் அவரேதான்.

அந்த நீலச் சட்டைக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் பீரோவில் நீலச் சட்டை ஏதாவது தொங்குகிறதா என்று எதற்கும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.