புதுக் கம்ப்ரசருக்கு ஒரு பூ அலங்காரம்

கார் ஏசியில் கம்ப்ரசர் என்று ஒன்று இருப்பதே அது கெட்டுப்போகும் வரை நமக்குத் தெரியாது. கெட்டுப்போன மறுநாளே நாமெல்லாம் பாதி மெக்கானிக். நான் முழு மெக்கானிக்காகவே ஆகிவிட்டேன்.

என் தங்கச்சி செல்வியின் கல்யாண வாரத்தில்தான் என் கார் ஏசி மண்டையைப் போட்டது. மதுரையில் சித்திரை வெயில். தல்லாகுளம் பியூட்டி பார்லரில் அவளுக்கு மேக்கப் முடிந்ததும், மேலூர் மண்டபத்து ரிசப்ஷனுக்கு நான்தான் கூட்டிப்போக வேண்டும்.

"மேக்கப் மட்டும் கரைஞ்சுச்சு, உன்னைய அண்ணன்னே சொல்ல மாட்டேன் பாத்துக்க" என்று முன்பே சொல்லிவிட்டாள்.

கப்பலூர் பக்கம் ஒரு பட்டறையில் விட்டுப் புதுக் கம்ப்ரசர் மாட்டினேன். (மாட்டியது மெக்கானிக் முத்து. ஆனால் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தது யார்?) ஏசி போட்டால் பல் கூசியது. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

கல்யாணக் காருக்குப் பூ வேண்டுமே! எல்லாரும் பானட்டில் ஒரு மாலை போடுவார்கள். எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. பானட்டிலிருந்து பம்பர் வரை செவ்வந்தியும் ரோஜாவுமாக ஒரு மெத்தையே கட்டச் சொன்னேன். காரின் மூஞ்சியே வெளியில் தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒத்தக்கடை தாண்டியதும் ஏசியில் அனல் அடித்தது.

"அண்ணே, கொதிக்குதுண்ணே."

"புதுசுல்ல, செட்டாகணும்."

"அண்ணே, புருவம் எறங்குது!"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் நெற்றியில் பவுடர் பாளம் பாளமாக நகர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் கொண்டை காலி. எனக்கு நிஜமாகவே அழுகை முட்டியது.

ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினேன். இன்ஜினை அணைக்காமல் இறங்கி, முத்துவுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன்.

"என்னய்யா கம்ப்ரசர் மாட்டுன? அடுப்பு மாதிரி வருது!"

"என்னைய ஏண்ணே வையுறீங்க? நாம ரெண்டு பேருந்தான மாத்துனோம்னு நேத்து சொன்னீங்க!"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், காருக்கு முன்னால் ஒரு ஆட்டு மந்தை. செவ்வந்தியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. "ஏய், ச்சூ!" என்று பாய்ந்தேன்.

செல்வி ஜன்னலை இறக்கி அலறினாள். "வெரட்டாதண்ணே! ஜில்லுனு வருது! திங்கட்டும் விடு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏசியின் சூடு தணிய முன்பக்கமாகத்தான் காற்று போக வேண்டும். அந்த வழியைத்தான் நான் பூவைக் கொட்டி அடைத்து வைத்திருந்தேன்.

ஆடு மேய்த்த அக்கா கம்போடு ஓடிவந்தார். "கோவிச்சுக்காதீக தம்பி, அம்புட்டுப் பூவையும் தின்னுப்புடுச்சுக."

"இல்லக்கா, இந்த மூலையில கொஞ்சம் இருக்கு. அதையும் திங்கச் சொல்லுங்க" என்றேன்.

மேலூரில் செல்வி அலுங்காமல் குலுங்காமல், வழியில் ஒத்தி ஒத்திச் சரிசெய்த புருவம் புருவத்தின் இடத்திலேயே இருக்க, இறங்கினாள். கார்தான் நாரும் நூலுமாக மொட்டையாய் நின்றது. "பூவெல்லாம் எங்கடா?" என்று அம்மா என்னைக் கேட்க, பாவி மகள் செல்வி, மேடை ஏறுவதற்குள் ஆட்டுக் கதையை மண்டபம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இன்றும் வீட்டில் மோட்டாரோ ஃபிரிட்ஜோ பழுதாகி, நான் யோசனை சொல்ல வாயைத் திறந்தால் போதும். செல்வியின் மாப்பிள்ளை மரியாதை குறையாமல் தலையாட்டுவார்.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும். எதுக்கும் ஒரு ஆட்டையும் கேட்டுக்குவோம்."