கரு என்னுடையது

உலகில் ஓர் இனம் உண்டு. வருடத்துக்கு நான்கு புத்தகம் எழுதும். ஆனால் எழுதாது.

இதைப் பார்க்க நீங்கள் காட்டுக்கெல்லாம் போக வேண்டியதில்லை. எந்த ரயில் நிலையத்திலும், எந்த விமான நிலையத்திலும், கழுத்துத் தலையணைக்கும் சூயிங்கம் அடுக்குக்கும் நடுவில் ஒரு சுழலும் கம்பி அலமாரி நிற்கும்; அதைத் தட்டிவிட்டால் இவர்தான் சுற்றுவார். நான் வண்டியைத் தவறவிட்ட ஊர்களில் எல்லாம் எனக்கு இவர்தான் துணை. ஊருக்கு ஊர் மொழி மாறும், அட்டையில் தலைதெறிக்க ஓடுகிற ஆளின் சட்டை மாறும், ஆசிரியர் பெயரின் அளவு மட்டும் மாறாது. எதிர் நடைமேடையிலிருந்து கண்ணாடி போடாமல் படிக்கலாம். அதற்குக் கீழே கதையின் தலைப்பு, இடம் மிச்சமிருந்தால். அதற்கும் கீழே, எறும்பு ஒன்று போகிற போக்கில் விட்டுச் சென்றதுபோல, ‘உடன் எழுதியவர்’ என்று இன்னொரு பெயர். சரியாக அந்த இடத்தில்தான் கடைக்காரர் விலைச்சீட்டை ஒட்டுவார். ஏன் அங்கேயே ஒட்டுகிறீர்கள் என்று ஒருவரிடம் கேட்டேன். “அங்கதாங்க ஒண்ணும் எழுதியிருக்காது” என்றார்.

ஆம், புகழ்பெற்ற திகில் நாவலாசிரியரைத்தான் சொல்கிறேன். அவரைத் திகிலார் என்று வைத்துக்கொள்வோம்.

திகிலாரின் எழுத்தறையை நீங்கள் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். கப்பல் மாதிரி ஒரு மேசை, ரிப்பன் இல்லாத ஒரு தட்டச்சு இயந்திரம், உட்கார்ந்ததைவிடப் படமெடுக்கப்பட்டதே அதிகமான ஒரு நாற்காலி, அதில் கறுப்புச் சட்டையும் கட்டிய கையுமாக, இடப்பக்கம் யாரோ கொலையாகிக்கொண்டிருப்பதைப்போல ஓரக்கண்ணால் பார்த்தபடி அவர். இடப்பக்கம் உண்மையில் இருப்பவர் அவருடைய மனைவி. வயிற்றை உள்ளே இழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பேட்டிகளில் அவர் தவறாமல் சொல்வது ஒன்று: “நான் எங்கே எழுதுகிறேன்? கதை தன்னைத்தானே எழுதிக்கொள்கிறது.” கூட்டம் கை தட்டும். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்ளும். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே உண்மையோ அதுதான்.

அப்படியானால் அவருடைய பங்கு என்ன? கரு. கரு அவருடையது. காலை நடைப்பயிற்சியின்போது கைபேசியில் குரல் பதிவாக அனுப்புவார்: “ஒரு பாலம். பாலத்துல ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள என்ன? அத நீ பாத்துக்கோ.” முடிந்தது. மிச்சம் நானூறு பக்கம் வெறும் எடுபிடி வேலை. பதிவு முழுக்க இழுத்து இழுத்து மூச்சு வாங்கும் சத்தம் வேறு. ஒருமுறை அதையும் கதையென்று நினைத்து, கொலைகாரனுக்கு மூச்சிரைப்பு நோய் வைத்து எழுதிவிட்டார்கள். அந்த ஆண்டின் சிறந்த வில்லன் என்று விருது கொடுத்தார்கள். திகிலார் போய் வாங்கிக்கொண்டார்.

எழுதி முடித்த பிரதி வந்ததும், முதல் சில பக்கங்களில் தம் முத்திரையைப் பதிப்பார். முத்திரை என்பது ‘திடீரென்று’ என்ற சொல். சமையலில் உப்பைப்போலத் தூவுவார். திடீரென்று தேநீர் ஆறியது. திடீரென்று அவள் தூங்கினாள். கை வலித்ததும் அச்சுக்கு அனுப்பிவிடுவார்.

இந்த எடுபிடி வேலையைச் செய்தவர் அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை. அதற்கு முன் அவர் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுதிக்கொண்டிருந்தார். வெளியாளை வைத்தால் விட்டுவிட்டுப் போய்விடுவான், சொந்தக்காரர்கள் எங்கே போவார்கள் என்பது திகிலாரின் கணக்கு. அட்டையில் பெயர் போடுகிறேன் என்று சொல்லித்தான் அந்த வேலையை விடச் சொன்னார். மச்சினி விட்டுவிட்டு வந்தார். பழக்கம் விடவில்லை. அவர் எழுதிய கொலைகள் இப்படி இருக்கும்: ‘கத்தியை உலர்ந்த துணியால் துடைத்தான். பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று சரிபார்த்தான். தரை சமமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, நேராக நின்று, ஒரே சீராகச் செலுத்தினான்.’ கொலையை இவ்வளவு தெளிவாக எழுத இன்னொருவர் பிறக்க வேண்டும் என்றார் ஒரு விமர்சகர். யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

கப்பல் மேசை திகிலாருடையது என்பதால் மச்சினி சாப்பாட்டு மேசையில்தான் எழுதினார். ஒரு பக்கம் அக்காள் இஸ்திரி போடுவாள், மறுபக்கம் அக்காள் மகன் வரைபடத்துக்கு வண்ணம் தீட்டுவான், நடுவில் ஒரு வங்கி மேலாளர் கழுத்து நெரிபடுவார். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் மச்சினி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முதல் புத்தகத்தில் விலைச்சீட்டுக்கு அடியில் இருந்த பெயர், அடுத்ததில் முதுகுப்பக்க மடிப்புக்குள் போனது. அதற்கடுத்து நன்றியுரையில், மின்சார வாரியத்துக்குப் பின்னால்.

“அத்தான், எம்பேரு அட்டையில வரும்னு சொன்னீங்களே” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“வந்திருக்கேம்மா. பின்னட்டையில நல்லா பாரு.”

“அது பார்கோடு அத்தான்.”

அடுத்த புத்தகத்தில் கண்டிப்பாக முன்னட்டை என்று திகிலார் மனைவியின் முன்னால் வாக்குக் கொடுத்தார். மச்சினி தம் மாமியாருக்கும் சொல்லிவிட்டார். அந்த அம்மாளுக்கோ, மருமகள் அக்காள் வீட்டுக்குத் துணி மடிக்கப் போகிறாள் என்று உறுதியான நம்பிக்கை. புத்தகம் எழுதுகிறாளாம், பெயரைக் காட்டச் சொல்லு பார்ப்போம் என்று அக்கம்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சினிக்கு வேண்டியதெல்லாம் அந்த அம்மாள் கண்ணாடியைத் தேடாமல் படிக்கிற அளவில் தம் பெயர். அவ்வளவுதான்.

அட்டை வந்தது. பெயர் இல்லை. அத்தானுடைய பெயர் எழுத்து வளர்ந்துவிட்டதால் இடம் போதவில்லை என்று பதிப்பாளர் வருத்தம் தெரிவித்தார். அளவுகோலை வைத்துக் காட்டவும் செய்தார்.

மச்சினி சாப்பாட்டு மேசைக்குப் போய்க் கடைசி அத்தியாயத்தை மட்டும் மாற்றி எழுதினார். திகிலாரின் எல்லாப் புத்தகங்களிலும் வருகிற துப்பறிவாளர் ஒருவர் உண்டு. கொளுத்தும் வெயிலிலும் மழைக்கோட்டோடு திரிவார், அவருக்காகத்தான் சனங்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அவரைப் பாலத்திலிருந்து தள்ளினார். நாடித்துடிப்பைச் சரிபார்த்தார். மருத்துவர் ஒருவரை வரவழைத்து மறுபடி சரிபார்த்தார். பிறகு மழைக்கோட்டோடு அடக்கம் செய்து, மண் சமமாக இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முற்றும் போட்டார். திகிலார் வழக்கம்போல முதல் பக்கங்களில் திடீரென்று தூவி அச்சுக்கு அனுப்பினார்.

புத்தகம் கடைகளுக்கு முன்னதாகவே போய்விட்டதால், வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்கள் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அங்கே திகிலார், மழைக்கோட்டாரின் அடுத்த சாகசம் இன்னும் சில மாதங்களில் என்று அறிவித்தார். கை தட்டல் வரவில்லை. முன்வரிசையில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “பொதைச்சிட்டு வந்து இப்படிப் பேச உங்களுக்கு எப்படிங்க மனசு வருது?” என்று கேட்டார்.

திகிலாருக்குப் புரிய வெகு நேரம் பிடித்தது. புரிந்ததும், அதுதான் சஸ்பென்ஸ் என்று சொல்லிச் சிரித்துவைத்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல மேடைக்குப் பின்னால் போனார். மச்சினி அங்கே பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

“என்னம்மா பண்ணி வச்சிருக்க?”

“நானா? அட்டையில உங்க பேருதான இருக்கு, அத்தான்.”

“சரி, சரி. எப்படியாவது அவன எழுப்பு.”

“எழுப்பலாம். அடக்கத்துல ஒரு வழி விட்டுத்தான் வச்சிருக்கேன். எங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்.”

திகிலார் தாமாகத் தேடிப் பார்த்திருக்கலாம். அதற்குப் படிக்க வேண்டுமே. பதிப்பாளர் கூப்பிடாமலே அளவுகோலோடு வந்தார்.

மழைக்கோட்டார் எழுந்தார். எப்படி என்று கேட்காதீர்கள், மருத்துவருக்கு இரட்டைப் பிறவி ஒருவர் தேவைப்பட்டார். அட்டையில் மச்சினியின் பெயர் அத்தானின் பெயர் அளவுக்கே வந்தது. மாமியார் வாசலில் நின்று எட்ட வைத்துப் படித்தார். “அச்சுல ஏதோ தப்பு நடந்திருக்கு” என்றார். ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நல்ல முடிவு, இல்லையா? இங்கேயே நிறுத்தியிருப்பேன். போன வாரம்தான் மச்சினியின் பேட்டியைப் பார்த்தேன். கறுப்புச் சேலை, கட்டிய கை, ஓரக்கண். புதிய புத்தகம் தன்னைத்தானே எழுதிக்கொள்கிறதாம். விசாரித்தேன். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கிற தாள் இருக்கிறதே, அதை எழுதிக்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்திருக்கிறார். “கரு என்னோடது சார், நீங்க ஒக்காந்து எழுதினா போதும்.” புதிய கொலைகளுக்கெல்லாம் பக்கவிளைவுகள் வருகின்றன: லேசான தலைச்சுற்றல், வாய் உலர்தல், அரிதாக மரணம்.

இந்த இனம் பெருகுவது இப்படித்தான். குட்டி போடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் என்ன, நாம் கதையா எழுதுகிறோம் என்கிறீர்கள். அலுவலகத்தில் அந்த அறிக்கையை யார் தயாரித்தது, யார் போய் வாசித்தது? விருந்தினர் குழம்பைப் புகழ்ந்தபோது, புளியைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னதே நான்தான் என்று அடுப்பங்கரைப் பக்கமே போகாத ஒரு குரல் கேட்டதே, அது யாருடையது? போகட்டும். இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் பக்கத்திலிருப்பவரிடம் காட்டி, “இதே யோசனை எனக்கு எப்பவோ வந்துச்சு” என்று சொல்லத்தானே வாயெடுக்கிறீர்கள்?

வந்திருக்கும். நம்புகிறேன். உட்கார்ந்து எழுதத்தான் அப்போது ஆள் கிடைக்கவில்லை.