ஹாரன் அண்ணன் பாஸ் போட்ட தீவு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஓடிய அத்தனை லாரியும் சேர்ந்து போட்ட சத்தத்தை, எங்கள் ஹாரன் அண்ணன் தனியாளாகப் போட்டவர். மண்ணூர் பக்கம் லாரி ஹாரன் செய்யும் ஒரு ஷெட்டில் அவர்தான் டெஸ்டிங். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு ஹாரனாக மாட்டி அமுக்குவார். எதிரே உட்கார்ந்து சீல் குத்துவது என் வேலை. அந்த இரைச்சலில் பேச்செல்லாம் கையால்தான். கட்டைவிரலைத் தூக்கினால் பாஸ், சுண்டுவிரலைக் காட்டினால் ரிஜெக்ட். புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு நாள் முழுக்க அந்தச் சுண்டுவிரலைப் பார்த்துவிட்டு, "இவருக்கு சுகர் இருக்கும், டாக்டரைப் பார்க்கச் சொல்லு" என்று என்னிடம் கவலைப்பட்டார்.

கைப்பழக்கம் வீட்டுக்கும் போனது. அவர் சம்சாரம் ரூபியக்கா வைத்த மீன்குழம்புக்கு ஒரு தடவை சுண்டுவிரலைக் காட்டியவர், இரண்டு நாள் கேன்டீனில் சாப்பிட்டார்.

தொண்ணூற்றொன்றில் அக்கா பிடிவாதமாக நின்றது. "யோவ், உனுக்குக் காது பூடுச்சி! அந்த வேலைய வுட்டுட்டு பேக்கிங்குக்குப் போ!"

"காதுலாம் நல்லாத்தான் கீது. இந்த ரோட்டு சத்தத்துல எவனுக்குக் கேக்கும்? வண்டியே இல்லாத எடத்துக்கு இட்டுகினு போ. அங்கயும் கேக்கலன்னா வுட்டுர்றேன்."

தன் கட்டைவிரல் இல்லாமல் ஒரு ஹாரனும் கேட்டைத் தாண்டாது என்பதில் அவருக்கு அவ்வளவு கர்வம். அந்தக் கர்வத்தையே பந்தயம் வைத்துவிட்டார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் பஸ் மாறி பஸ் மாறி, பழவேற்காடு போய்ப் படகு ஏறினோம்.

ஏரிக்கு நடுவே அந்தத் தீவு. கார் கிடையாது, லாரி கிடையாது. மணல் பாதையில் ஒரே ஒரு சைக்கிளைப் பார்த்தோம், அதையும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் கிடந்தன. நடக்கிறோமா மிதக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அண்ணன் பனைமர நிழலில் உட்கார்ந்து கண்ணை மூடினார். "இன்னா அமைதி! ஒரு சத்தம் இல்ல பாரு!" என்று கட்டைவிரலைத் தூக்கித் தீவுக்கே பாஸ் போட்டார்.

அந்த நேரத்தில் மாதா கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்குச் சண்டை போட்டார்கள். அவர் முதுகுக்குப் பின்னாலேயே ஓர் ஆடு கத்தியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

அக்கா அவர் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "யோவ்" என்றது. அவர் திரும்பவில்லை. ஜெயித்தவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தது. அன்று முழுக்க அவரைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தது.

திரும்பும்போது பாய்மரப் படகு. பத்துப் பேர் இருந்தோம். அண்ணன் கையைக் குவித்து, என் காதில் ரகசியம் சொன்னார். ரகசியம் என்று அவர்தான் நினைத்தார்.

"டேய், அப்பால திரும்பிப் பாத்தா ஆடு வாயத் தொறக்குது, சத்தமே வரல. எனுக்கு சுத்தமா கேக்கலடா! நாளைக்கு நானே போயி பேக்கிங் கேட்டு வாங்கிக்கிறேன். அதுவரிக்கும் உங்க அக்காகிட்ட சொல்லிடாத. இன்னிக்குத்தான் அது சிரிச்சிகினு கீது."

மூன்று அடி தள்ளி அக்கா உட்கார்ந்திருந்தது. தண்ணீரைப் பார்த்த முகத்தைத் திருப்பவே இல்லை. மீன்கூடைக்காரம்மா முந்தானையைச் சரிசெய்தார். படகுக்காரர் பாயை அண்ணாந்து பார்த்தார். அண்ணனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. கரை வரும் வரை, அந்தப் படகில் ஒருவருக்கும் காது கேட்கவில்லை.